சூசையப்பர் கனத்த வருஷம்

சிப்பியோடையில் சூசையப்பர் திருநாளுக்குக் கொடியேற இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது, சுரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கித் துடைத்து எண்ணெய் பூசுவதற்காகக் கோயில்பிள்ளை தொம்மை இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரால் முடியாமல் நாலு பேரைக் கூப்பிட்டார், நாலு எட்டாயிற்று, எட்டு பதினாறாயிற்று, கடைசியில் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வடம் கட்டி இழுத்தும், பூவரச மரத்தில் மூன்றடி உயரத்துக்குச் செய்த அந்தச் சூசையப்பர், போன வருஷம்வரை இரண்டு பேர் அலுங்காமல் தூக்கிய அதே சூசையப்பர், ஒரு நூல்கூட நகரவில்லை. வடம் அறுந்து இழுத்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தபோது, கையில் லீலிப்பூத் தடியும் முகத்தில் கொஞ்சம் கூச்சமுமாக அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

யாரும் பயப்படவில்லை. அளத்திலிருந்து சங்கிலிக் கப்பி கொண்டுவந்து மாட்டினார்கள், கப்பியின் கொக்கி தூண்டில்முள் நிமிர்வதுபோல நிமிர்ந்துகொண்டது. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார், இஞ்ஞாசி என்று பெயர், கடலைப் பார்த்தே நாலு மாசம்தான் ஆன மலைப்பக்கத்து மனிதர், "ஈரக் காத்துல மரம் தண்ணி குடிச்சிருக்கும்" என்றார்.

"கடலையே குடிச்சாலும் இம்புட்டுக் கனம் வராது சாமி" என்றார் தொம்மை. "இது வேற என்னமோ குடிச்சிருக்கு."

மறுநாளே ஊர் அதற்குப் பழகிவிட்டது. பீடத்தின் கல்லில் விழுந்த விரிசலைப் பிள்ளைகள் காலையும் மாலையும் சாணால் அளந்து வந்து சொன்னார்கள், பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் இன்றைக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டார்கள், கல்யாணப் பேச்சு நடந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றிக் கேட்டபோது "நம்ம சூசையப்பர் கணக்கா, அசைக்க முடியாது" என்று சொன்னதாகக்கூடக் கேள்வி. சப்பரம் எப்படிப் புறப்படும் என்பது மட்டும்தான் கவலை. கொடியேறிப் பத்தாம் நாள், திருநாள் அன்று, காலைப் பூசை முடிந்து, எட்டுப் பேர் தோளில் சப்பரம் ஏறி, உப்பளத்து வரப்பெல்லாம் சுற்றிக் கடற்கரைவரை போய்த் திரும்ப வேண்டும். அவர் நடந்துபோகாத வருஷத்தில் உப்பு விளையாது என்பது அங்கே பிறந்த யாரும் யோசித்துப் பார்க்காமலே நம்புகிற விஷயம்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் இஞ்ஞாசிச் சாமியார்தான். ஒரு சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பாவம் சொல்ல ஆள் வராமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஒருத்தி வந்து சுரூபத்தின் காலைத் தொட்டு, தன் ஆடு இரண்டு நாளாகத் தழை தின்னவில்லை என்று சொல்லி, "உங்ககிட்ட வச்சிட்டேன் அப்பா" என்று முடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அவள் போனதும் பீடத்தின் கல் ணக்கென்று சத்தம் போட்டது. அடுத்து ஒரு கிழவர் வந்தார், பேத்தியின் பேறுகாலத்தைச் சொன்னார், வச்சிட்டேன் என்றார், கல் ணக்கென்றது. சாமியார் தொட்டியை விட்டு வெளியே வந்து தொம்மையைக் கூப்பிட்டார்.

"கடைசியில 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு ஏன் யாரும் சொல்லல?"

"அது இந்த ஊர்ல வழக்கம் இல்லியே சாமி."

"பிரார்த்தனைமாலையில ஒவ்வொரு வரிக்கும் அதுதானே பதில்?"

"மத்தவங்களுக்குச் சொல்லுவோம். அந்தோணியாருக்குச் சொல்லுவோம், சவேரியாருக்குச் சொல்லுவோம். இவுகளுக்குச் சொல்ல மாட்டோம்." தொம்மை துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்குப் பெரியவுக சாமி. யேசுவையே தூக்கி வளத்தவுக. அவுககிட்ட ஒண்ணைச் சொல்லிட்டு, நீரு போயி இன்னாருகிட்டச் சொல்லும்னு அவுகளையே ஏவுனா மரியாதையா இருக்குமா? வச்சிட்டோம்னு சொல்லுவோம். அவுக பாத்துக்கிடுவாவ."

"அப்ப இத்தனை வருஷமா மரத்துகிட்டயா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"மரத்துகிட்ட இல்ல, அவுககிட்ட."

"அவர் யார்கிட்டச் சொன்னார்?"

தொம்மை சுரூபத்தைப் பார்த்தார். வேதாகமம் முழுக்கத் தேடினாலும் ஒரு வார்த்தை பேசாத மனிதர் சூசையப்பர். கனவில் சொன்னதைக் கேட்பார், எழுந்திருப்பார், செய்வார், அவ்வளவுதான். சொல் என்று சொன்னால் சொல்லியிருப்பார். வைத்துக்கொள் என்று சொன்னார்கள், வைத்துக்கொண்டார். முப்பாட்டன் காலத்திலிருந்து சிப்பியோடை கேட்ட அத்தனையும் மேலே போகாமல், அந்தப் பூவரசுக்குள், ஒன்றின்மேல் ஒன்றாக, இருந்த இடத்திலேயே இருந்தது. இத்தனை காலம் வெளியே காட்டாமல் சுமந்ததை இந்த வருஷம்தான் அவரால் மறைக்க முடியவில்லை.

சாமியார் அன்று சாப்பிடவில்லை என்று சமையல்காரி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் திட்டவில்லை, விக்கிரகம் என்ற சொல்லைத் தொண்டைவரை கொண்டுவந்து விழுங்கிவிட்டார். அவரவர் வைத்ததை அவரவர் வந்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சேர்த்துச் சொல்லி அனுப்பிவையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஊர் வரிசையில் நின்றது. முதலில் எல்லோரும் சேர்ந்து, பத்தொன்பது வருஷத்துக்கு முன் கிணறு வற்றிய கோடையில் கும்பலாகக் கேட்ட மழையை அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பகலில், வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லாதபோது, அந்த மழை வந்தது. ஒரு மணி நேரம் பெய்தது. பாத்திகளில் பூத்திருந்த உப்பும் வரப்பில் குவித்திருந்த உப்பும் கரைந்து ஓடைக்குப் போவதை ஆணும் பெண்ணும் நனைந்துகொண்டே நின்று பார்த்தார்கள், யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் கேட்டது அவர்கள்தான், கேட்டபடிதான் வந்திருந்தது. நாற்பத்துநாலு வயசில் இளநீர்க் கடை வைத்திருக்கிற அமலதாசுக்கு, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் பாஸ் என்று தபாலில் காகிதம் வந்தது, அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினான். ஐம்பத்தெட்டு வயசு மரியசெல்லம் டீச்சர் வீட்டு வாசலில், தகரப் பெட்டியுடன் தலை நரைத்த ஒருவர் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கி, தன்னை மாப்பிள்ளை என்று சொன்னார்.

"நாப்பது வருஷம் பிந்தி வாரீரே" என்றாள் டீச்சர்.

"பஸ்ஸு கிடைக்கல" என்றார் அவர்.

டீச்சர் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, ஈஸ்டர் கழிந்து கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கலாமா என்று சாமியாரிடம் கேட்கப் போனாள். போகிற வழியெல்லாம் அழுதாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆனால் எல்லாம் வரக்கூடியதாக இல்லை. சந்தனத்தின் புருஷன் உப்புத்தூள் ஏறிய நெஞ்சோடு இருமி இருமிச் செத்து ஒன்பது வருஷம். அவன் நெஞ்சு குணமாக வேண்டும் என்று அவள் வைத்ததை அனுப்பினாள். மறுநாள் காலையில் எழுந்தபோது அவள் வாயில் அந்த ஜெபம் இல்லை. அடுப்பை மூட்டும்போது தானாக வருகிற ஜெபம், புருஷன் செத்த பிறகும் பழக்கத்தில் வந்துகொண்டிருந்த ஜெபம். விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோலத் தேடினாள், என்ன சொல்லுவோம் என்றே ஞாபகம் வரவில்லை. "இல்லைன்னு பதில் வந்துட்டு" என்று குழாயடியில் சொன்னாள். "நோவு ஒண்ணும் இல்லட்டி. வாய் வெறிச்சின்னு கிடக்கு, அம்புட்டுத்தான்." இல்லை என்ற பதில் அப்படித்தான் வரும் என்று அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ரெஜினாளுக்கும் தெரிந்துபோயிற்று.

ரெஜினாள் உப்பளத்தில் தலைச்சுமைக்காரி. பாத்தியிலிருந்து மேட்டுக்கு உப்புக் கூடை சுமந்து சுமந்து கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டவள். அவளுடைய ஒரே மகன் லம்பர்ட், இருபத்திரண்டு வயசில், வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணியில் ஏழு பேரில் ஒருவனாகப் போனான், பதினோரு வருஷம் ஆகிறது, தோணியும் வரவில்லை ஆளும் வரவில்லை, கேரளக் கரையில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய் மட்டும் ஒதுங்கியது. மற்ற ஆறு வீட்டிலும் வருஷம் திரும்புவதற்குள் இறந்தோர் பூசை வைத்து, உடல் இல்லாத குழிகளில் சிலுவை நட்டார்கள். ரெஜினாள் நடவில்லை. அவள் தினமும் வேலை முடிந்து, உப்பு வெடித்த காலோடு கோயிலுக்கு வந்து, சூசையப்பரின் காலைப் பிடித்து, எம்மவன் வந்துரணும், உங்ககிட்ட வச்சிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். மழையிலும் போனாள், காய்ச்சலிலும் போனாள். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்தாலும் நாலாயிரம் கூடை.

ஊரார் எல்லோரும் அனுப்பி முடித்தபோது திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. எட்டுப் பேர் போய்ப் பிடித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. மிச்சம் இருக்கிற கனம் யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இஞ்ஞாசிச் சாமியார் அவளைக் கூப்பிட்டு, "கட்டாயம் இல்லம்மா" என்றார். ஊர்க்கமிட்டிக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. "ஏற்கனவே உப்பு கரைஞ்சு கிடக்கு, இவ ஒருத்தியால சப்பரமும் நின்னா ஊரு என்ன ஆவும்?" என்று அவள் காதில் விழும்படி பேசினார்கள். வேலைக்காட்டில் கூடை ஏற்றிவிட ஆள் வராமல் அவள் அரை மணி நேரம் நின்றாள்.

அவளுடைய தங்கை பிரகாசி வந்தாள். பிரகாசி பத்து வருஷத்துக்கு முன்பே கோயிலை விட்டுச் சபைக்குப் போய்விட்டவள். கம்மல், மூக்குத்தி, மாதா படம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றியவள்.

"அப்பமே சொன்னேன்லா? காதிருந்தும் கேக்காதுன்னு."

"கேட்டிருக்குல்லா. கேக்காமயா இம்புட்டுக் கனம்?" என்றாள் ரெஜினாள்.

"கேட்டு என்ன செய்ய? கேட்டதை அமுக்கி வச்சிக்கிட்டு நிக்கி. போஸ்ட்மேன் கடுதாசியை வீட்ல அடுக்கி வச்ச மாதிரி. நேரா ஆண்டவர்கிட்டக் கேட்டிருந்தா என்னைக்கோ பதில் வந்திருக்கும்."

"அதுக்குத்தாம்ட்டி பயப்படுதேன்."

ரெஜினாள் மெதுவாகச் சொன்னாள். "அங்க போய்ச் சேரலன்னா இல்லைன்னு யாரும் சொல்லலல்லா. பதினோரு வருஷமா இல்லைன்னு ஒருத்தரும் சொல்லல. சந்தனத்துக்கு ஆன மாதிரி ஒரு காலையில எந்திரிச்சி எனக்கும் வாய் வெறிச்சின்னு கிடந்தா, நான் பொறவு என்னத்தைச் சொல்லிக்கிட்டு அளத்துக்குப் போவேன்?"

பிறகு ரெஜினாள், "நீ அவனுக்காக இங்க ஒண்ணும் வைக்கலியா?" என்று கேட்டாள்.

பிரகாசி தன் சேலை முந்தியைப் பார்த்தாள். "வச்சேன்" என்றாள். "சபைக்குப் போன பொறவும் வந்து வச்சேன். மூணு தடவை. பாஸ்டர்கிட்டச் சொல்லிராத." நேற்றுத்தான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று அதை அனுப்பியதாகவும், காலையில் எழுந்தபோது என்ன நடந்தது என்பதை அக்காவிடம் சொல்ல முடியாமல்தான் சபை, போஸ்ட்மேன் என்று என்னவெல்லாமோ பேசியதாகவும் அவள் சொல்லவில்லை. ரெஜினாள் அவள் முகத்தைப் பார்த்தாள், கேட்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், கோயிலில் ஆள் இல்லாத வெயில் நேரத்தில், ரெஜினாள் போனாள். அனுப்ப வேண்டும் என்று போகவில்லை, வழக்கம்போல வைத்துவிட்டு வரத்தான் போனாள். காலைப் பிடிக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள்: சுரூபத்தின் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மரம் பிளந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள், உள்ளே போயிற்று. இரண்டு காலிலும் அதே பிளவு, ஒரே நேர்க்கோட்டில். அந்தப் பிளவை அவளுக்குத் தெரியும். சுமை கூடும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு எப்படி முனகும், நின்ற இடத்தில் நிற்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் பாதம் எப்படி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பதைச் சிப்பியோடையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. உப்புக் கூடையை எந்தப் பெண்ணும் தனியாக ஏற்றவும் முடியாது, தனியாக இறக்கவும் முடியாது, கூட நிற்கிறவள் கை கொடுக்க வேண்டும், ஆகாதவளாக இருந்தாலும் பேச்சுவார்த்தை இல்லாதவளாக இருந்தாலும் சுமையோடு வந்து நின்றால் கை கொடுத்தே ஆக வேண்டும். பதினோரு வருஷமாக இவர் தலையில் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு தடவைகூட இறக்கக் கை கொடுக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டாள். அவர் சொல்ல மாட்டார் என்பது அவளுக்கே தெரியும்.

"உங்க மவனும் சின்னப்புள்ளயில ஒரு நா காணாமப் போனாம்லா" என்றாள். "மூணு நாள் தேடுனீங்க. மூணு நாள்ல கிடைச்சிட்டான்." அப்புறம், குற்றம் சொல்வதுபோல ஆகிவிட்டதே என்று பிளந்த முழங்காலை உள்ளங்கையால் தேய்த்துக்கொடுத்தாள், தன் முழங்காலுக்குத் தேய்ப்பதுபோல.

பிறகு நிமிர்ந்து நின்று, கூடை இறக்கக் கை கொடுப்பவள் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் உயர்த்தி, முதல் நாள் சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள். எம்மவன் வந்துரணும் என்று கேட்ட வருஷங்களைச் சொன்னாள். எங்கேயாவது ஜெயிலில் இருந்தாலும் இருக்கட்டும் என்று கேட்டதை, வேறு பெயரில் வேறு வேதத்தில் யாரையாவது கட்டிக்கொண்டு இருந்தாலும் இருக்கட்டும், என்னை மறந்தாலும் மறக்கட்டும் என்று கேட்டதை, ஒரு சட்டையாவது கரை ஒதுங்கட்டும் என்று ஒரே ஒரு நாள் கேட்டுவிட்டு மறுநாள் வந்து அதை மாற்றிக் கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னாள். வெயில் சாய்ந்து சன்னல் கண்ணாடியின் சிவப்பு தரையில் நீளும்வரை சொன்னாள். கடைசியில், பழக்கமில்லாத வாயால், ஒவ்வொரு சொல்லாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள்.

கல் சத்தம் போடவில்லை. மரம் நீளமாக ஒரு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

காலையில் ரெஜினாள் எழுந்தாள். பாயைச் சுருட்டினாள், முகம் கழுவினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

அவள் அழுததாக யாருக்கும் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். பிரகாசி வாசலில் காத்திருந்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள், கோயில் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவள் கைவிடாமல், எல்லோரும் பார்க்க, உள்ளேயும் வந்தாள்.

பூசை முடிந்து சுரூபத்தை எடுக்க எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தொம்மை ஒற்றைக் கையால் எடுத்துவிட்டார். கோழிமுட்டை ஓட்டை எடுத்த மாதிரி இருந்தது என்றார். ஊர் கைதட்டியது, வெடி போட்டார்கள், பேண்டுக்காரர்கள் ஆரம்பித்தார்கள். ஆனால் சப்பரத்தில் வைத்து வாசலுக்கு வெளியே கொண்டுவந்ததும் கடல்காற்று அடித்தது, சூசையப்பர் சப்பரத்துப் பீடத்தை விட்டு ஒரு சாண் எழும்பினார். தொம்மை காலைப் பிடித்து இழுத்து வைத்தார். மறுபடி எழும்பினார். கயிற்றால் கட்டினார்கள், பட்டம்போலக் கயிற்றை இழுத்துக்கொண்டு சாய்ந்து ஆடினார், லீலிப்பூத் தடி சப்பரத்தின் மேற்கட்டியைக் குத்திக் கிழித்தது. பேண்டு நின்றுவிட்டது.

"உள்ள ஒண்ணும் இல்ல, அதான்" என்றார் ஒருவர். "ஏதாவது கேளுங்கல, கொஞ்சம் கனம் ஏறட்டும்." ஆளுக்கு ஆள் கேட்டார்கள், முதுகுவலி, மகள் படிப்பு, கரைந்துபோன உப்பு. ஆனால் இப்போது எல்லோருக்கும் பயம் வந்திருந்தது, கேட்ட வாயோடு எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சேர்த்துவிட்டார்கள். கேட்டதெல்லாம் கேட்ட கையோடு மேலே போயிற்று, அவரிடம் ஒரு துளியும் தங்கவில்லை. இஞ்ஞாசிச் சாமியார், தான் சொல்லிக்கொடுத்தது சரியாக நடப்பதைப் பார்த்தபடி, வெள்ளை அங்கி காற்றில் படபடக்க, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ரெஜினாள் பிரகாசியின் கையை விட்டுவிட்டுச் சப்பரத்தின் பக்கத்தில் வந்தாள். கூட்டம் ஒதுங்கியது. எட்டிச் சுரூபத்தின் காலைப் பிடித்தாள். கேட்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தாள், இல்லை. அதனால் கேட்கவில்லை, சொன்னாள்.

"எம்மவன் செத்துப்போனான் அப்பா."

அந்தச் சொல்லை அவள் வாய் அதற்கு முன் சொன்னதில்லை. யாரிடமும் எடுத்துப் போய்ச் சேர்க்க வேண்டிய சொல்லாகவும் அது இருக்கவில்லை. சாமியார் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பதைச் சேர்க்கச் சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

கயிறு தொய்ந்தது. சூசையப்பர் மெல்லப் பீடத்தில் இறங்கி நின்றார். எட்டுப் பேரின் தோளிலும் கனம் வந்து உட்கார்ந்தது. எந்த வருஷமும் இருந்த கனம் இல்லை அது, மரத்தின் கனமும் இல்லை. முன்கொம்பைப் பிடித்திருந்தவன் லம்பர்ட்டோடு பள்ளிக்கூடம் போனவன். அவன்தான் முதலில் கண்டுகொண்டான், திரும்பிப் பின்னால் இருந்தவனைப் பார்த்தான், அவன் தலையை ஆட்டினான். நல்ல உடம்புள்ள இருபத்திரண்டு வயசு ஆள் ஒருவனைப் படுக்கவைத்துத் தூக்கினால் என்ன கனம் இருக்குமோ, அந்தக் கனம்.

யாரும் சொல்லாமலே பேண்டுக்காரர்கள் திருநாள் பாட்டை விட்டுவிட்டு, அடக்கத்துக்குப் போகும்போது வாசிக்கிற பாட்டை எடுத்தார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். சப்பரம் உப்பளத்து வரப்பில் இறங்கி, கரைந்த பாத்திகளுக்கு நடுவே, கடலைப் பார்த்து மெதுவாகப் போயிற்று. பிரகாசி முக்காட்டைப் போட்டுக்கொண்டு அக்காவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். ரெஜினாள், உடலுக்குப் பின்னால் தாய் நடக்கிற இடத்தில், பதினோரு வருஷம் பிந்தி, வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தாள்.